மருந்து குடிக்காதவர்களின் கணக்கு

டெங்குவில் படுத்து எழுந்த ஒருவரின் ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கும். காய்ச்சல் கண்ட முதல் ஓரிரு நாளில் பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மளமளவென்று இறங்கும். ஐந்தாம் நாள் வாக்கில் ஐம்பதாயிரம், சிலருக்கு அதற்கும் கீழே என்று வீட்டையே கலங்கடிக்கும். பிறகு ஆறு, ஏழு நாளில் ஏறத் தொடங்கி, அடுத்த வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். நீர்ச்சத்து குறையாமல் கவனித்துக்கொண்டால் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஏற்றம் தானாகவே வரும். அது நோயின் இயல்பு.

பப்பாளி இலைச் சாறு எப்போது அந்த வீட்டுக்குள் வருகிறது என்பதையும் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றரை லட்சமாக இருக்கும்போது யாரும் இலை தேடிப் போவதில்லை. தாளில் ஐம்பதாயிரம் என்று வந்த அன்று மாலைதான் பக்கத்துத் தெருவில் மரம் இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்து, இலையைக் கிள்ளி, இடித்து, வடிகட்டி, கசப்பு தாங்காமல் முகம் சுளிக்கும் பிள்ளையின் வாயில் இரண்டு மூடி ஊற்றுகிறார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ எண்ணிக்கை ஏறுகிறது. அம்மா கண்ணால் பார்த்தாயிற்று. இனி அவரிடம் யாரும் வாதாட முடியாது.

அந்தச் சாறு வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துச் சில சிறிய சோதனைகள் நடந்திருக்கின்றன. விஷயம் ஆராய்ச்சிக்கு உரியது. நான் சொல்வது வேறு. அந்த அம்மா பார்த்த காட்சி, சாறு வேலை செய்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும், செய்யாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய தகவல் அவர் வீட்டில் இல்லை. சாறு குடிக்காத பிள்ளைகளின் பரிசோதனைத் தாளில்தான் அது இருக்கிறது. அந்தத் தாள் அவர் கைக்கு வருவதே இல்லை.

புள்ளிவிவரங்களிலிருந்து மனிதர்கள் எப்படிக் காரணத்தை ஊகிக்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். மனித மூளைக்குக் கணக்கு வராது என்பதுதான் இந்த ஆய்வுகளின் முடிவு என்று பலர் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கும் தகவலை வைத்து மனிதர்கள் செய்யும் ஊகம் பல நேரங்களில் நுட்பமானது. கையில் எந்தத் தகவல் வந்து சேர்கிறது என்பதில்தான் கோளாறு.

நார்வேயைச் சேர்ந்த உளவியலாளர் யான் ஸ்மெட்ஸ்லுண்ட் 1963இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். அவர் செவிலியர்களிடம் 100 அட்டைகள் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்தார். ஒவ்வோர் அட்டையும் ஒரு நோயாளி. அந்த நோயாளிக்கு ஒரு குறிப்பிட்ட அறிகுறி இருந்ததா, பிறகு ஒரு குறிப்பிட்ட நோய் இருப்பது தெரிந்ததா என்று அட்டையில் இருக்கும். அறிகுறிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. 37 அட்டைகளில் அறிகுறியும் நோயும் சேர்ந்தே இருந்தன. பெரும்பாலான செவிலியர்கள் தொடர்பு உண்டு என்றார்கள். ஏன் என்று கேட்டபோது, இரண்டும் சேர்ந்திருந்த அட்டைகளையே காட்டினார்கள்.

அட்டைகளை முழுதாகக் கணக்கிட்டால் கதை மாறிவிடும். அறிகுறி இருந்தவர்களில் நோய் கண்டவர்களின் விகிதத்தையும் அறிகுறி இல்லாதவர்களில் நோய் கண்டவர்களின் விகிதத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் அறிகுறி இல்லாதவர்களிடம் நோய் ஒரு துளி அதிகம். மருத்துவமனையிலேயே வாழ்க்கையைக் கழிக்கிறவர்கள், நோயாளிகளைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவர்கள், அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினார்கள்.

ஒரு காரணத்தையும் ஒரு விளைவையும் எடுத்துக்கொண்டால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். காரணமும் விளைவும் இருப்பது, காரணம் இருந்தும் விளைவு இல்லாதது, காரணம் இல்லாமலே விளைவு வருவது, இரண்டுமே இல்லாதது. முடிவு சொல்ல நான்கும் வேண்டும். பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் மனிதர்கள் இவற்றைச் சமமாக மதிப்பதில்லை என்று காட்டின. முதல் கட்டத்துக்கு நாம் தரும் எடை மிக அதிகம். கடைசிக் கட்டத்துக்குத் தருவது மிகக் குறைவு. எதுவும் நடக்காத நாளை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? மழை வரப்போகிறது என்று மூட்டு சொல்லும் என்று நம்புகிறவருக்கு வலியும் மழையும் சேர்ந்து வந்த நாள் மறக்காது. டொனால்ட் ரெடெல்மையரும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் முடக்குவாத நோயாளிகள் 18 பேரின் வலியை 15 மாதங்கள் குறித்துவைத்து, அதே நாட்களின் வானிலைப் பதிவோடு ஒப்பிட்டு 1996இல் வெளியிட்டார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் தொடர்பு உண்டு என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு போலத் தெரியலாம். கொஞ்சம் கவனமாக இருந்தால் சரியாகிவிடும் என்று எண்ணவும் தோன்றும். ஸ்பெயினின் பில்பாவோ நகரில் தேஉஸ்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலேனா மத்தூத்தே செய்த சோதனைகள் விஷயம் அதைவிட ஆழமானது என்று காட்டுகின்றன. 1996இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் கணினி முன் அமர்ந்திருந்தார்கள். காதுக்கு உவப்பில்லாத ஒரு சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். விசையை அழுத்தலாம், அழுத்தாமலும் விடலாம். உண்மையில் சத்தம் நிற்பதற்கும் விசைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு குழுவிடம் சத்தத்தை நிறுத்தப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம், இதை உங்களால் கட்டுப்படுத்த முடிகிறதா என்று கண்டறியுங்கள், அதற்காகச் சில தடவை அழுத்தாமலும் விட்டுப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது.

முதல் குழு கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அழுத்தியது. சத்தமும் நின்றுகொண்டே இருந்தது. தங்கள் கைதான் அதை நிறுத்துகிறது என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டாம் குழு விட்டுப் பார்த்தது, விட்டாலும் நிற்கிறது என்று கண்டது, உண்மையைச் சொன்னது. இரு குழுக்களின் அறிவிலும் வேறுபாடு இல்லை. ஒன்று நன்மையைத் தேடியது. மற்றொன்று விடையைத் தேடியது. நன்மையைத் தேடுகிறவர் தன் பிழையைத் திருத்தக்கூடிய தகவலைத் தானே வர விடாமல் செய்துவிடுகிறார்.

பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில் கற்பனையான ஒரு நோயும் 'பாட்டாட்ரிம்' என்ற கற்பனை மருந்தும் உருவாயின. பங்கேற்பவர்தான் மருத்துவர். நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரையில் வருவார்கள். மருந்து கொடுக்கலாம், கொடுக்காமல் விடலாம். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகும் விகிதம் ஒன்றே. அந்த விகிதத்தை உயர்வாக வைத்தால், அதாவது நோய் பெரும்பாலும் தானாகவே போய்விடுகிற ரகமாக இருந்தால், மருந்தின் மீது நம்பிக்கை பெருகியது. யார் அடிக்கடி கொடுத்தாரோ அவருக்கு நம்பிக்கை இன்னும் அதிகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லி நம்மவர்கள் சிரிப்பது ஒரு தடவை நேர்ந்த தற்செயலுக்குத்தான். பழம் பழுத்து உதிரும் பருவமாக இருந்து, மரத்தில் நாள் முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்துகொண்டும் இருந்தால், ஒவ்வொரு பழமும் ஒரு காக்கையின் கணக்கில்தான் சேரும். அப்போது சிரிப்பு வராது. மரபு என்று பெயர் வந்துவிடும்.

சளிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் சரியாகும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கும் 'கைராசி டாக்டர்' என்ற புகழுக்கும் பின்னால் இருப்பது இதே இரண்டு நிபந்தனைகள்தான். தானாகக் குணமாகும் நோய், தவறாமல் கொடுக்கப்படும் மருந்து.

மருத்துவத்தின் வரலாற்றில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரத்தம் வடிப்பதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஐரோப்பாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் ரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சை. 1830களில் பாரிஸில் அட்டைப் பூச்சிகளுக்கு ஏற்பட்ட கிராக்கியில், ஒரே ஆண்டில் பிரான்ஸ் 4 கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது. அங்கே பியர் லூயி என்ற மருத்துவர், யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். நோயாளிகளை எண்ணினார். நிமோனியா கண்ட 77 பேரை எடுத்துக்கொண்டு, ரத்தம் வடித்தது எந்த நாளில், பிழைத்தாரா இறந்தாரா என்று பட்டியலிட்டார். நோய் கண்ட முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் வடிக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வடிக்கப்பட்ட 36 பேரில் இறந்தவர்கள் 9. சீக்கிரம் வடிக்க வடிக்க நல்லது என்று எல்லா நூல்களும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இந்த எண்களைப் படிக்கிற யாருக்கும் ரத்தம் வடித்ததே கொன்றது என்று சொல்லத் தோன்றும். பொறுக்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகு ரத்தம் வடிக்கப்பட்டவர், அதுவரை உயிரோடு இருந்தவர். மிக மோசமான நோயாளிகள் அதற்குள் கழிந்துபோயிருக்கலாம். ஆகவே 44 சதவீதம், 25 சதவீதம் என்ற இரண்டும் ஒரே மாதிரியான இரண்டு கூட்டங்களின் எண்கள் என்று சொல்ல முடியாது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. லூயி ஏன் சீக்கிரம் வடித்தவரையும் தாமதமாக வடித்தவரையும் ஒப்பிட்டார்? வடிக்கவே வடிக்காதவரோடு ஒப்பிட்டிருக்கலாமே? அப்படி யாரும் இல்லை. அந்த 77 பேரும் ரத்தம் வடிக்கப்பட்டவர்கள். அவருடைய அட்டவணையில் இரண்டு கட்டங்கள் காலி. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவமனைகள் இருந்த நகரில், மிகச் சிறந்த கணக்காளருக்கும் அந்த வரிசை கிடைக்கவில்லை. ஒரு சிகிச்சை எல்லோரும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டால் அது தன்னைச் சோதிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது.

மனிதர்கள் நுட்பமாக ஊகிக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். அதற்கான சான்று மழலைகளிடமே இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் அலிசன் கோப்னிக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பெட்டி உண்டு. சில கட்டைகளை மேலே வைத்தால் அது ஒளிர்ந்து பாட்டுப் பாடும். முதல் கட்டையை மட்டும் வைத்தால் பாடுகிறது. இரண்டாவதை மட்டும் வைத்தால் பாடவில்லை. இரண்டையும் சேர்த்து இரண்டு தடவை வைத்தபோது பாடுகிறது. மொத்தத்தில் இரண்டாவது கட்டை பெட்டி மேல் இருந்த மூன்று தடவையில் இரண்டில் பாட்டு வந்திருக்கிறது. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்கும் பங்கு உண்டு என்று சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அப்படிச் சொல்லவில்லை. பாட்டுக்குக் காரணம் முதல் கட்டை, இரண்டாவது சும்மா கூட இருந்தது என்று பிரித்துவிட்டார்கள். கூட இருப்பதையும் காரணமாக இருப்பதையும் வேறுபடுத்தும் அறிவு பள்ளிக்குப் போகும் முன்பே வந்துவிடுகிறது. கவனியுங்கள்: இரண்டாவது கட்டையைத் தனியாக வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் குழந்தைகளின் கண் முன்னால் காட்டப்பட்டது.

பட்ரிசியா செங் 1997இல் முன்வைத்த கோட்பாடும் இதே திசையில் போகிறது. தலைவலியே வராத ஒரு கூட்டத்துக்குத் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள், யாருக்கும் தலைவலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை கொடுத்தபோது பூஜ்யம், கொடுக்காதபோதும் பூஜ்யம், வித்தியாசம் இல்லை. ஆனால் மாத்திரைக்குச் சக்தி இல்லை என்று சாதாரண மனிதர் தீர்ப்புச் சொல்லமாட்டார். இதை வைத்துச் சொல்ல முடியாது என்பார். வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கும் எளிய சூத்திரத்தைவிட அந்த மனிதர் தெளிவாக இருக்கிறார். காணும் எண்களுக்குப் பின்னால் காணாத ஒரு சக்தியைத் தேடுவதுதான் மனித மனத்தின் வழக்கம். எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதும் அதனால்தான். பப்பாளிச் சாறு ரத்தத்தை ஊறச் செய்யும் என்று ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால், எண்களைத் தேடும் அவசரம் குறைந்துபோகிறது. இந்த வழக்கம் நமக்குப் பெரும்பாலும் உதவுகிறது, சில நேரம் கெடுக்கிறது.

இல்லாத காரணத்தைப் பார்ப்பது போலவே, இருக்கும் காரணத்தைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் வேகமாகப் பெருகியது. ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் விசாரிக்கத் தொடங்கியபோது, சாலைகளுக்குப் போடும் தார் காரணமாக இருக்கலாம் என்றே டால் நினைத்திருந்தார். புகைப்பழக்கம் ஏன் உடனே கண்ணில் படவில்லை? எல்லோரும் புகைத்தார்கள். 1950இல் அவர்கள் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேர். அவர்களில் புகைக்காதவர்கள் 2. ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட, வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த ஆண்கள் 649 பேர். அவர்களில் புகைக்காதவர்கள் 27. மற்ற அத்தனை பேரும், அதாவது 647 பேரும் 622 பேரும், புகைத்தவர்கள். வார்டில் நடந்துபோகிற மருத்துவர் இரு பக்கமும் புகைப்பவர்களையே பார்த்திருப்பார். வேறுபாடு 1,298 பேரில் 29 பேரிடம் இருந்தது. புகைக்காத அந்த 29 பேரையும் தேடிப் பிடித்து இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 27 என்று எழுதியதுதான் கண்டுபிடிப்பின் ஒரு தூண். எவ்வளவு புகைத்தார்களோ அவ்வளவு ஆபத்து கூடியது என்பது இன்னொன்று.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. நவீன புள்ளியியலின் தந்தையருள் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர், புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தருகிறது என்று ஏன் இருக்கக் கூடாது என்று 1950களின் கடைசியில் கேட்டார். அவர் கேட்டது தவறான பக்கத்திலிருந்து என்று இன்று தெரியும். ஆனால் கேள்வி நியாயமானது. காலியாக இருந்த வரிசையை நிரப்பினால் மட்டும் போதாது. அதில் வந்து நிற்பவர்கள் யார், எதனால் அங்கே நிற்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பப்பாளிச் சாறு குடிக்காத பிள்ளை, நோய் மிக லேசாக இருந்ததால் குடிக்காமல் விட்டிருக்கலாம். நோய் கடுமையாகி நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதாலும் விட்டிருக்கலாம்.

புகைப் பிரச்சினையில் யாரையும் குலுக்கிப் போட்டு, நீ பிடி, நீ பிடிக்காதே என்று சொல்ல முடியாது. மருந்தில் முடியும். அதே பிராட்ஃபோர்ட் ஹில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் அதைச் செய்தார். காசநோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை உறையிட்டு மூடிய சீட்டு தீர்மானித்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4, பெறாத 52 பேரில் 14. மருந்தை ஒரு சாராருக்கு மறுக்க மனம் எப்படி வந்தது என்று கேட்கலாம். போருக்குப் பிந்திய பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்க மருந்தே இல்லை. பற்றாக்குறைதான் அந்த வரிசையை நேர்மையாகத் திறந்துவிட்டது.

இதே முறை எட்டே ஆண்டுகளில் சென்னைக்கு வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்த முயற்சி. காசநோய்க்குச் சானடோரியம்தான் சிகிச்சை என்பது அன்றைய உலகின் நம்பிக்கை. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, குடும்பத்திலிருந்து விலகியிருத்தல். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே போய்த் தேறியவர்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் அதே மருந்துகளை வீட்டிலேயே இருந்து சாப்பிட்டவர்கள் என்று ஒரு கூட்டம் இல்லை. நம் நாட்டின் நோயாளிகளில் மிகச் சிறு பகுதிக்குத்தான் படுக்கை கிடைக்கும் என்று இருந்த நிலையில் இது வெறும் அறிவுப் பிரச்சினையாக இருக்கவில்லை.

193 நோயாளிகள், பெரும்பாலும் நகரத்தின் ஏழைகள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள். 1959இல் முடிவுகள் வெளிவந்தன. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. பாலும் முட்டையும் ஓய்வும் செய்ததாக நினைத்திருந்த வேலையின் பெரும்பகுதியை மாத்திரை செய்துகொண்டிருந்தது.

மருத்துவர்கள் மிகவும் அஞ்சிய கேள்வி வேறொன்று. ஒரே அறையில் நோயாளியோடு படுத்துறங்கும் குழந்தைகள் என்ன ஆவார்கள்? சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் இரு பக்கத்துக் குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்பாவோ அம்மாவோ வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெற்ற குடும்பங்களில், அவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டிருந்த குடும்பங்களைவிடக் காசநோய் அதிகமாகப் பரவவில்லை.